நெடுந்தூர றைபிள் சூட்டுக்கு முன்தாங்கி: எதை வாங்குவது, எதை ஊரில் செய்விப்பது?

வாசகர் கேள்வி, மார்க்கம் (கனடா), 7 யூன் 2024

ஐயா, நான் ஒன்ராறியோவில் ஒரு கழகத்தில் மேசையில் வைத்துச் சுடுகின்றேன். இதுவரை இருகால் தாங்கிதான் பாவித்தேன். றைபிள் 7 மி.மீ.; .284 வின்செஸ்டர் தோட்டா. தொலைநோக்கியோடு சேர்த்து 10 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அடுத்த ஆண்டு ஒட்டாவாவுக்கு அருகிலுள்ள கொனோட் சுடுகளத்தில் 900 மீற்றர் தூரத்தில் சுட விரும்புகின்றேன். ஜோய்ஸ்டிக் (எல்லாப் பக்கமும் அசைக்கும் ஒரே கைப்பிடி) வைத்த முன்தாங்கி, அதாவது றைபிளின் முன்பகுதியை ஒரு மணற்பையில் ஏந்தும் தாங்கி, இல்லாமல் அந்தத் தூரத்துக்குப் போகவே வேண்டாம் என்று சிலர் சொல்லுகிறார்கள். பாரமான எந்த இரும்பும் போதும் என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். செப்டெம்பரில் ஊருக்கு வருகின்றேன். கொக்குவிலில் லேத் பட்டறையில் ஒன்றைச் செய்விக்கலாமா? எதைப் பார்த்து முடிவெடுப்பது?

8 யூன் 2024

தம்பி, பாரமும் ஜோய்ஸ்டிக்கும் பிறகு வரவேண்டிய கேள்விகள். வெடி தீர்ந்தவுடன் உம்முடைய றைபிள் நேராகப் பின்னால் போகின்றதா, தள்ளி வைத்தால் அதே இடத்துக்குத் திரும்பி வந்து உட்காருகின்றதா என்பதே முதற் கேள்வி. இந்த இரண்டையும் செய்யவிடும் தாங்கி நல்ல தாங்கி. இரண்டில் ஒன்றைக் கெடுக்கும் தாங்கி எந்த விலைக்கு வாங்கியதாயினும் உமக்கு உதவாது. நான் ஒட்டாவாவில் வேலை பார்த்த காலம் முழுவதும் கொனோட் களத்தில் பலருடைய தாங்கிகளுக்குப் பக்கத்தில் படுத்துச் சுட்டிருக்கின்றேன். ஓய்வு பெற்றுக் கொக்குவிலுக்குத் திரும்பிய பின்னரும் இந்த எண்ணம் மாறவில்லை.

அளவை முதலில் மனதில் வைத்துக்கொள்ளும். முன்தாங்கிக்கும் பின்பைக்கும் (பிடங்கு, அதாவது றைபிளின் பின்கட்டை, உட்காரும் மணற்பை) இடையில் 750 மி.மீ. இருப்பதாகக் கொள்வோம். பின்பை அசையாமல் இருக்க, முன்பக்கம் 0.1 மி.மீ. மட்டும் உயர்ந்தால், அதாவது ஒரு சாதாரண அச்சுத்தாளின் தடிப்பளவு உயர்ந்தால், 900 மீற்றரில் சன்னம் விழும் இடம் 120 மி.மீ. மேலே போகின்றது. எஃப் வகுப்பு (றைபிளைத் தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டி) இலக்குப் பலகையில் நடுவில் உள்ள மிகச் சிறிய வட்டம் அரைக் கலை அகலமானது. அந்தத் தூரத்தில் அது ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர். (ஒரு கலை என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு.) ஆகவே ஒரு தாளின் தடிப்பு அந்த வட்டத்தின் முழு அகலத்துக்குச் சமமாகின்றது. முன்தாங்கியைத் தெரிவு செய்வது என்பது அந்த ஒரு தாளைக் காவல் காப்பதுதான்.

இருகால் தாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அது கெட்டதல்ல, எஃப் வகுப்பிலேயே அதற்கென்று தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் ஆகிய இரண்டு தோட்டாக்களுக்கே இடமுண்டு. இருகாலியோடு சேர்த்து றைபிளின் எடை 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. உம்முடையது 7 மி.மீ. என்றபடியால் நீர் திறந்த பிரிவில்தான் சுடவேண்டும். அங்கே எல்லை 10 கிலோ. முன்தாங்கியின் எடை அந்தக் கணக்கில் வராது. அதனால் தாங்கியைப் பாரமாக்க உமக்குச் சுதந்திரம் இருக்கின்றது. இந்த வகுப்பைத் தொடக்கியவர் ஜோர்ஜ் ஃபார்க்குவார்சன் என்ற கனடியர். எஃப் என்ற எழுத்து அவருடைய பெயரிலிருந்து வந்தது. நீர் அவருடைய நாட்டிலேயே சுடப் போகின்றீர் என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி.

9 யூன் 2024

சிட்னி வாசகர் ஒருவர் நேற்றைய கணக்கை மறுக்கின்றார். தொலைநோக்கி றைபிளோடுதானே பூட்டப்பட்டிருக்கின்றது, முன்பக்கம் ஒரு தாள் உயர்ந்தால் குறுக்கிழையும் சேர்ந்து உயரும், சுடுபவர் அதைப் பார்த்துத் திருத்திவிடுவார், பிறகு என்ன கவலை என்று கேட்கின்றார்.

அவர் சொல்வது உண்மை. ஆனால் அது விசையை இழுக்கும் முன் நடக்கும் அசைவுக்கு மட்டுமே பொருந்தும். குறி பார்த்து முடித்ததற்கும் சன்னம் குழலை விட்டு வெளியேறுவதற்கும் இடையில் நடக்கும் அசைவை எந்தக் கண்ணாலும் திருத்த முடியாது. என் கணக்கு அந்த இடைவெளிக்கு உரியது. அதை முதற் குறிப்பிலேயே பிரித்துச் சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்பதால் இங்கே சேர்த்துக்கொள்கின்றேன்.

15 யூன் 2024

அந்த இடைவெளியில் என்ன நடக்கின்றது என்பதை எண்களால் பார்ப்போம், ஏனென்றால் தாங்கியைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி இதைப் பாராமலே நடக்கின்றது.

உம்முடைய தோட்டாவில் 180 கிறெய்ன் சன்னம், அதாவது 11.7 கிராம், இருக்கும் என்று நினைக்கின்றேன். வெடிமருந்து 3.5 கிராம் அளவு. சன்னம் குழலுக்குள் 750 மி.மீ. ஓடுகின்றது. சன்னமும் மருந்தும் முன்னே போக, 10 கிலோ றைபிள் அதற்கு ஈடாகப் பின்னே போகவேண்டும். மருந்தின் பாதி எடையைச் சன்னத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், சன்னம் குழலின் வாயை அடையும் நேரத்தில் றைபிள் ஏறக்குறைய 1 மி.மீ. பின்னே நகர்ந்திருக்கும். இது ஒன்றரை மில்லி செக்கனுக்குள் நடந்து முடிகின்றது. தோளில் உதைப்பு உணரப்படும்போது சன்னம் எப்போதோ போய்விட்டது.

அந்த 1 மி.மீ. பயணம்தான் முன்தாங்கியின் முழு வேலை. முன்கட்டை (குழலுக்குக் கீழே உள்ள கட்டையின் முன்பகுதி) தாங்கியின் பையில் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் அந்தப் பயணத்தில் றைபிள் வளைந்து போகின்றது. பையின் தோல் ஒரு வெடிக்கு ஒட்டியும் மறு வெடிக்கு வழுக்கியும் கொடுத்தால் இலக்கில் துளைகள் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. இன்னொன்றும் உண்டு: குழலின் முறுக்கில் சன்னம் வலப்பக்கமாகச் சுழல, றைபிள் இடப்பக்கமாகப் புரளப் பார்க்கின்றது. அதைத் தடுப்பது முன்கட்டையின் அகலம். 3 அங்குலம், அதாவது 76 மி.மீ., விதி அனுமதிக்கும் உச்ச அகலம். உம்முடைய முன்கட்டை அதைவிட ஒடுங்கியதாக இருந்தால், தாங்கிக்குப் பணம் செலவழிக்குமுன் முன்கட்டைக்கு ஒரு தட்டையான அடித்தகடு பூட்டுவதைப் பற்றி யோசியும்.

இனி வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. றைபிளை முன்தாங்கியிலும் பின்பையிலும் வைத்து, தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை உறுதி செய்து, தொலைநோக்கியால் தூரத்தில் உள்ள ஒரு நேர்க்கோட்டை, உதாரணமாக ஒரு சுவரின் விளிம்பை, பாரும். விரலால் றைபிளை மெதுவாக இரண்டு அங்குலம் பின்னே இழும். பிறகு முன்னே தள்ளும். குறுக்கிழை ஒரே நேர்க்கோட்டில் ஏறி இறங்கினால் நல்லது. அசையாமலே நின்றால் மிகச் சிறந்தது. பக்கவாட்டில் ஓடினால் பின்பை முன்தாங்கிக்கு நேராக இல்லை. மேலோ கீழோ அதிகமாக ஓடினால் பிடங்கின் அடிவிளிம்பு குழலுக்கு இணையாக இல்லை. அப்படியான றைபிள் பின்னே போகப் போகப் பிடங்கு பையில் இறங்கிக்கொண்டோ ஏறிக்கொண்டோ போகின்றது. இந்தச் சோதனையில் தேறாத றைபிளுக்கு உலகத்தில் உள்ள எந்த முன்தாங்கியும் மருந்தாகாது.

16 யூன் 2024

பின்பையைப் பற்றி மறந்துவிடக்கூடாத விதி: எஃப் வகுப்பில் முன்தாங்கியும் பின்பையும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கக்கூடாது, பின்பையில் திருகாணியால் உயர்த்தித் தாழ்த்தும் அமைப்பும் இருக்கக்கூடாது. ஆகவே உயரத்தையும் பக்கத்தையும் நுட்பமாக மாற்றும் வேலை முழுவதும் முன்தாங்கியின் தலையில் விழுகின்றது.

29 யூன் 2024

நேற்று காங்கேசன்துறை வீதிப் பக்கத்தில் உள்ள ஒரு லேத் பட்டறைக்குப் போய்ப் பேசினேன். அங்கே இருப்பவர் தண்ணீர்ப் பம்பிகளின் தண்டு கடைவதிலும் உழவு இயந்திர உதிரிகள் செய்வதிலும் கைதேர்ந்தவர், படத்தைக் காட்டியவுடன் கேட்ட முதற் கேள்வி, "எந்தப் பக்கம் ஐயா பாரம் தள்ளும்?" என்பது. சரியான ஆளிடம் வந்திருக்கின்றேன் என்று எனக்கு உடனே விளங்கியது.

அடித்தளத்தைப் பற்றி நாங்கள் பேசி முடிவெடுத்தது இது. பக்கம் 400 மி.மீ. கொண்ட சமபக்க முக்கோணத் தகடு, 20 மி.மீ. தடிப்பு உருக்கு. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11 கிலோ வருகின்றது. அதே அளவு அலுமினியத்தில் 3.7 கிலோதான். மூன்று மூலைகளிலும் மட்டம் சரி செய்யும் திருகாணிகள். நடுவில் தடித்த தண்டு ஒன்று மேலும் கீழும் போகும். அதன் தலையில் பை உட்காரும். கால்கள் மூன்றாக இருப்பதற்கும் காரணம் உண்டு: மூன்று புள்ளிகள் எந்தத் தரையிலும் தள்ளாடா, நான்காவது கால் வந்தால் ஒன்று எப்போதும் அந்தரத்தில் நிற்கும்.

பாரம் ஏன் வேண்டும் என்றால், றைபிள் பின்னே போகும்போது பையின் உராய்வு தாங்கியின் தலையையும் சேர்த்து இழுக்கின்றது. தாங்கி அம்மிபோல இருந்த இடத்தில் இருக்கவேண்டும். ஆனால் 11 கிலோ அடித்தளத்தின் மேல் மெல்லிய தண்டை நட்டு, அதன் புரியில் ஆட்டத்தை விட்டுவைத்தால், அந்தப் பாரத்தால் ஒரு பயனும் இல்லை. தண்டு 30 மி.மீ. விட்டத்துக்குக் குறையக்கூடாது என்றும், உயரத்தைச் சரி செய்தபின் அதை இறுக்கிப் பூட்டுவதற்குத் துண்டுபட்ட வளையம் வேண்டும் என்றும், பக்கத்திலிருந்து ஓர் ஆணியை முறுக்கி அழுத்தும் வேலை கூடாது என்றும் சொல்லியிருக்கின்றேன். பக்க ஆணி தண்டை ஒரு பக்கம் தள்ளிவிடுகின்றது. நீர் சரி செய்த குறி இறுக்கும்போதே ஓடிவிடும்.

புரியின் நுண்மையும் முக்கியம். ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும் புரி என்றால், ஒரு முழுச் சுற்று 900 மீற்றரில் 1.8 மீற்றர். ஒரு பாகை அளவு திருப்பினால் 5 மி.மீ. கைவிரலால் ஐந்து பாகையை நிதானமாகத் திருப்ப முடியும். அது 25 மி.மீ. அளவு. அதற்குமேல் நுண்மை வேண்டியதில்லை. மேல்-கீழ்ப் புரியில் உள்ள சிறு ஆட்டத்தை றைபிளின் பாரமே ஒரு பக்கம் அமுக்கி வைத்துக்கொள்ளும். இட-வலப் புரியில் அப்படி அமுக்க எதுவும் இல்லை. அங்கே ஒரு சுருள்வில் கட்டாயம் வேண்டும். பட்டறைக்காரர் அதைப் பித்தளைச் சுரையை இரண்டாகப் பிளந்து செய்யலாம் என்கின்றார். எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருக்கின்றது.

7 யூலை 2024

ஜோய்ஸ்டிக்கைப் பற்றி மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு நீண்ட பதில் வேண்டும்.

ஜோய்ஸ்டிக் தலை என்பது ஒரே கைப்பிடியால் மேல்-கீழும் இட-வலமும் ஒரே நேரத்தில் அசைக்கும் அமைப்பு. அமெரிக்காவின் ஃபார்லி, இந்தோனேசியாவில் தயாராகும் செப் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. நல்லவற்றின் விலை ஆயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டும். அவற்றை வேலைப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கையில் எடுத்தவுடன் அவற்றைச் செய்தவரின் அக்கறை தெரியும்.

கேள்வி, அது உமக்கு எதற்குப் பயன்படுகின்றது என்பது. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் 1967 இல் தொடங்கிய 1000 யார் மேசைச்சூட்டுக் கழகத்தின் வழியில் சுடுபவர்கள் காற்று ஒரே நிலையில் நிற்கும் சிறு இடைவெளியைப் பிடித்து, அந்த இடைவெளி முடியுமுன் எல்லா வெடிகளையும் சுட்டு முடிக்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு செக்கனும் பெறுமதியானது. அங்கே ஜோய்ஸ்டிக் வெற்றியையே தீர்மானிக்கலாம். இலக்குப் பலகைகளைக் கையால் இயக்கும் களத்தில் எஃப் வகுப்பில், பலகையைக் குழியிலிருந்து கையால் இறக்கி, துளையில் அடையாளம் குத்தி, மீண்டும் ஏற்றும்வரை நீர் காத்திருக்கவேண்டும். அந்த நேரத்தில் இரண்டு திருகாணிகளை நிதானமாகத் திருப்பி முடிக்கலாம்.

இருந்தாலும் ஜோய்ஸ்டிக்குக்கு வேறொரு நன்மை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. இரண்டு திருகாணிகளுக்கு மாறி மாறிக் கை போகும்போது உடம்பு அசைகின்றது. கன்னம் பிடங்கிலிருந்து எழும்புகின்றது. மீண்டும் படுக்கும்போது தோளின் அழுத்தம் முன்போல் இருப்பதில்லை. ஒரே கைப்பிடியில் இடக்கை இருந்த இடத்திலேயே இருக்கும். படுத்துச் சுடுபவருக்கு இது வேகத்தைவிடப் பெரிய நன்மை. இந்தக் காரணத்தால், வசதி உள்ளவருக்கு நான் ஜோய்ஸ்டிக் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அடித்தளம், பை, றைபிளின் நேர்மை ஆகிய மூன்றும் முடிந்தபின்னரே அதற்குக் காசு போகட்டும்.

ஜோய்ஸ்டிக் தலையை வாங்குபவர் பார்க்கவேண்டியது: உம்முடைய றைபிளின் பாரத்துக்கு ஏற்ப அதன் இறுக்கத்தைச் சரி செய்ய முடிகின்றதா என்பது. இறுக்கம் குறைந்தால் கையை விட்டவுடன் தலை மெல்ல இறங்கும். கூடினால் அசைவு விட்டு விட்டுத் துள்ளும். கடையில் வெறுந் தலையை ஆட்டிப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம். 10 கிலோவை ஏற்றிவிட்டு ஆட்டிப் பாரும்.

20 யூலை 2024

மணல். இதைப் பற்றி எழுத நான் காத்திருந்தேன், ஏனென்றால் நம்முடைய கரையிலேயே இதற்கான பொருள் கிடக்கின்றது.

பை கெட்டியாக இருக்கவேண்டும். பெருவிரலால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும், குழி விழக்கூடாது. சாதாரண மணல் குவாட்ஸ். அதன் அடர்த்தி 2.65. நெடுந்தூரச் சூட்டுக்காரர் விரும்பும் பாரமணல் சேர்க்கன். அதன் அடர்த்தி 4.6 அளவு. வார்ப்படத் தொழிலில் அது அச்சு மணலாகப் பயன்படுவதால் கனடாவில் அந்த வழியாகவே வாங்கலாம். 3 லீற்றர் கொள்ளும் பின்பையில் சாதாரண மணல் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சேர்க்கன் என்றால் 8 கிலோவைத் தாண்டும். பின்பை எவ்வளவு பாரமோ அவ்வளவு அசையாது.

அந்தச் சேர்க்கன் நம்முடைய கீழ்க்கரையில், திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில், இல்மனைற், ரூற்றைல் ஆகியவற்றோடு கலந்து கிடக்கின்றது. அரச கனிய மணல் நிறுவனம் அதைப் பிரித்து ஏற்றுமதி செய்கின்றது. இதைப் படித்துவிட்டு ஒருவரும் கரையில் கறுப்பு மணல் அள்ளப் போகவேண்டாம். மணல் அகழ்வதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது ஒன்று. அந்தக் கறுப்பு மணலில் தோரியம் கொண்ட மொனசைற்றும் சிறிதளவு கலந்திருக்கின்றது என்பது மற்றொன்று. பிரித்துச் சுத்தம் செய்யாத மணலைக் கன்னத்துக்குக் கீழே வைத்துப் படுக்கும் பழக்கம் எவருக்கும் வேண்டாம்.

மணற்காட்டு மணல் வெள்ளையாகவும் நுண்மையாகவும் இருக்கின்றது, அதை நிரப்பலாமா என்று வடமராட்சி வாசகர் கேட்கின்றார். அந்த மணற்குன்றுகள் கடலுக்கும் ஊருக்கும் இடையில் நிற்கும் அரண். அவற்றில் ஒரு பிடியும் எடுக்கவேண்டாம். வன்பொருட் கடையில் அனுமதியோடு வரும் மணலில் சிறிதளவு வாங்கி, நன்னீரில் பல முறை கழுவி, வெயிலில் உலர்த்தி, அரிதட்டில் அரித்தால் போதும். கழுவுவது கட்டாயம். உப்புள்ள மணல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பையைக் கட்டியாக்கும். பக்கத்தில் உள்ள உருக்கையும் துருவேற்றும்.

21 யூலை 2024

பையைத் தைப்பதற்கு ஓட்டோ சீற் தைக்கும் கடையைப் பாரும். தடித்த நைலோன் துணியையும் தோலையும் இரட்டைத் தையலில் அடிக்கும் இயந்திரம் அவர்களிடம் உண்டு. முன்பையின் இரண்டு காதுகளுக்கும் (பக்கங்களில் எழும்பி நிற்கும் மேடுகளுக்கும்) இடையில் உள்ள அகலம் உம்முடைய முன்கட்டையின் அகலத்துக்குச் சரியாக இருக்கவேண்டும், 76 மி.மீ. கட்டைக்கு 85 மி.மீ. பை என்றால் அது பக்கங்களில் ஒன்றையும் தாங்காது. தோல் படும் இடத்தில் சிறிதளவு முகப்பவுடர் தடவினால் றைபிள் ஒரே சீராக வழுக்கும். எண்ணெய் தடவவேண்டாம், அது மணலின் தூசியைப் பிடித்து ஒரு வாரத்துக்குள் பசையாகிவிடும்.

3 ஓகஸ்ட் 2024

முதற் குறிப்பில் "பாரமாக்க உமக்குச் சுதந்திரம் இருக்கின்றது" என்று எழுதியதை ஒரு வாசகர் பிடித்துக்கொண்டு, அப்படியென்றால் 30 கிலோ சீமெந்துக் கட்டையை வார்த்து அதன்மேல் பையை வைக்கலாமே என்று கேட்டிருக்கின்றார். மேசையில் சுடுபவர் வைக்கலாம். ஆனால் கொனோட் போன்ற களத்தில் 900 மீற்றர் நிலையில் சுட்டு முடித்து 800 மீற்றர் நிலைக்குப் போகும்போது எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகவேண்டும். அடித்தளமும் தலையுமாக 15 கிலோவுக்கு மேல் போனால் சுமப்பதில் களைத்த கையோடு விசையைத் தொடவேண்டி வரும். பாரத்தின் பெரும் பயன் முதல் 10 கிலோவுக்குள்ளேயே கிடைத்துவிடுகின்றது. அதற்குப் பிறகு தண்டின் விறைப்பும் காலின் பிடிப்பும் தான் பேசும்.

கால்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். சீமெந்து மேசைக்குக் கூரான முனை நல்லது. ஒரு சிறு குழியில் பதிந்து நிற்கும். புல்தரைக்கு அதே முனை ஆபத்து. ஒவ்வொரு வெடிக்கும் அது மண்ணுக்குள் ஒரு மயிரிழை இறங்கும். ஒரு தாளின் தடிப்பைப் பற்றி நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். புல்தரையில் ஒவ்வொரு முனைக்கும் கீழே 75 மி.மீ. விட்டமுள்ள உருக்கு வட்டத் தகடு ஒன்றை வைத்து, சுடத் தொடங்குமுன் அடித்தளத்தின் மேல் இரண்டு உள்ளங்கைகளாலும் பாரத்தைப் போட்டு நன்றாக அழுத்திப் பதிக்கவேண்டும். களத்தில் நான் பார்த்த மேல்-கீழ்ச் சிதறல்களில் பல, கடைசி வெடிகளில் மட்டும் வந்தவை. தாங்கி மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்ததே காரணம். அடித்தளத்தில் ஒரு சிறு நீர்மட்டத்தைப் பதித்து வைத்தால் ஒவ்வொரு வெடிக்கும் பின் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

17 ஓகஸ்ட் 2024

அடித்தளம் வந்துவிட்டது. இங்கே றைபிள் வைத்துச் சோதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. 1916 ஆம் ஆண்டின் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது, எனக்கு அனுமதிப்பத்திரமும் இல்லை, தேவையும் இல்லை. முன்தாங்கி ஓர் இரும்புச் சாமான். அதைச் சோதிக்க றைபிள் வேண்டியதில்லை.

பனைமரச் சட்டம் ஒன்றை இழைத்து, முன்பக்கம் 76 மி.மீ. அகலத்துக்கு அடித்தகடு பூட்டி, பின்பக்கம் பிடங்கின் சாய்வுக்குச் செதுக்கி, ஈயத் துண்டுகளால் மொத்தம் 10 கிலோவாக்கினேன். வைரம் பாய்ந்த பனை இதற்கு மிகவும் ஏற்றது. தண்ணீரில் போட்டால் தாழும் அளவு அடர்த்தி. அதன்மேல் ஒரு லேசர் விளக்கை இறுக்கிக் கட்டி, 30 மீற்றர் தூரத்தில் சுவரில் வரைகோட்டுத் தாளை ஒட்டினேன். முன்பக்கம் 0.1 மி.மீ. அசைந்தால் அந்தத் தாளில் 4 மி.மீ. அசைவு தெரியும். இதைவிட மலிவான சோதனைக்கூடம் இருக்க முடியாது.

செய்யவேண்டியவை இவை. சட்டத்தை ஒரு அங்குலம் பின்னே இழுத்து முன்னே தள்ளி, முன் தடுப்பில் (றைபிளை ஒரே இடத்தில் நிறுத்தும் தாங்கியின் முன்பக்கத் தடை) மெதுவாக முட்டவிட்டு, ஒளிப்புள்ளி எங்கே நிற்கின்றது என்று குறித்துக்கொள்ளவேண்டும். திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். பிறகு தாங்கியின் தலையைப் பக்கவாட்டில் ஒரு தராசுக் கொக்கியால் 2 கிலோ அளவு இழுத்து விடவேண்டும். இழுக்கும்போது புள்ளி ஓடுவது இயல்பு. எல்லா இரும்பும் வளையும். விட்டபின் அது பழைய இடத்துக்கு வருகின்றதா என்பதே பார்க்கவேண்டியது. வராவிட்டால் எங்கோ ஓர் ஆட்டம் இருக்கின்றது.

எங்கள் தாங்கி இட-வலத்தில் திரும்பி வரவில்லை. பட்டறைக்காரர் பித்தளைச் சுரையைக் கழற்றி, பிளவை இன்னும் சற்று ஆழமாக அறுத்து, சுருள்வில்லை மாற்றிப் போட்டார். இப்போது புள்ளி பென்சில் கோட்டின் தடிப்புக்குள் திரும்பி வந்து நிற்கின்றது. மேல்-கீழில் தொடக்கத்திலிருந்தே ஒரு குறையும் இல்லை. அந்தத் தண்டை அவர் கடைந்த விதத்தைப் பாராட்ட எனக்குச் சொற்கள் போதவில்லை.

முன் தடுப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. றைபிளை அதில் வேகமாக மோதவிட்டால் தாங்கியையே முன்னே தள்ளிவிடும். தொட்டவுடன் நிற்கவேண்டும். சிலர் தொட்டபின் ஒரு மயிரிழை பின்னே இழுத்துவிட்டுச் சுடுகிறார்கள். எதைச் செய்தாலும் ஒவ்வொரு வெடிக்கும் ஒரே விதமாகச் செய்யும்.

1 செப்டெம்பர் 2024

சோளகம் இன்னும் அடிக்கின்றது. வாசலில் நின்று தென்னோலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த இழையைப் படிப்பவர்கள் தாங்கி சரியானால் எல்லாம் சரியாகும் என்று எண்ணிவிடக்கூடாதே என்று தோன்றியது. மணிக்கு 16 கிலோமீற்றர் குறுக்குக் காற்று உம்முடைய சன்னத்தை 900 மீற்றரில் ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் தள்ளும். காற்றை ஒரு பத்தில் ஒரு பங்கு தவறாகக் கணித்தால் நடுவட்டத்தின் அகலத்தைவிடக் கூடப் பிழைக்கும். ஆகவே இட-வலச் சிதறலுக்கு முன்தாங்கியைக் குறை சொல்லுமுன் காற்றைக் குறை சொல்லவேண்டும். மேல்-கீழ்ச் சிதறல் வேறு; அதில் காற்றுக்குப் பங்கு குறைவு. மருந்தின் நிறை, சன்னத்தின் வேகம் ஆகியவை ஒழுங்காக இருந்தும் உயரத்தில் சிதறினால், அப்போது தாங்கியிலும் பையிலும் தேடும்.

அதனால்தான் நல்ல தாங்கிக்கு இவ்வளவு கவனம் கொடுக்கச் சொல்லுகின்றேன். உயரத்தில் சந்தேகமே இல்லாதவருக்குக் காற்றை மட்டும் படிக்க மனம் முழுவதும் மிஞ்சுகின்றது.

14 செப்டெம்பர் 2024

மார்க்கம் தம்பி அடுத்த கிழமை வருகின்றார். அவர் கேட்ட கடைசிக் கேள்விகளுக்குப் பதில்.

தலையை எங்கே வாங்குவது: கனடாவிலேயே வாங்கும். பட்டறையில் ஜோய்ஸ்டிக் தலையைச் செய்ய முயலவேண்டாம். அதன் உருண்டை மூட்டுக்கும் வழுக்குத் தகடுகளுக்கும் வேண்டிய பொருத்தத்தை ஒரே ஒரு சாமானுக்காகச் செய்விப்பது வாங்கும் விலையைத் தாண்டிப்போகும். இரண்டு திருகாணித் தலை இப்போதே அடித்தளத்தில் இருக்கின்றது. முதற் பருவத்தை அதிலேயே சுடும். அடுத்த ஆண்டு மாற்ற விரும்பினால் நடுத்தண்டின் நுனியில் ஏற்கனவே நான்கு துளைகள் விட்டிருக்கின்றோம்.

பை: வெறுமையாகக் கொண்டுபோம். மணலை அங்கே நிரப்பும். மாரிக்கு முன் இங்கிருந்து போவது தோலுக்கும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே தோலில் பூஞ்சணம் பிடித்துவிடும். அங்கே குளிர்காலத்தில் பையை வாகனத்தில் விடவேண்டாம். மணலில் சிறிதளவு ஈரம் இருந்தாலும் உறைந்து கல்லாகும்.

பயணம்: முக்கோணத் தகடும் தண்டும் தலையுமாக 14 கிலோ வருகின்றது. 23 கிலோப் பெட்டிக்குள் அடங்கும். கூரான முனைகளைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி அதே பெட்டிக்குள் வையும். கைப்பையில் ஒன்றும் வேண்டாம். பட்டறைக்காரர் கொடுத்த பற்றுச்சீட்டையும் அளவுப் படத்தையும் தகட்டின் மேலேயே ஒட்டிவிடும், பெட்டியைத் திறப்பவருக்கு என்னவென்று விளங்கட்டும். தகட்டின் மேற்பக்கத்தில் துருத் தடுக்க இன்னும் ஒரு பூச்சு மை அடிக்கவேண்டும். நீர் வருமுன் அது காய்ந்துவிடும்.